பூசையில் வைத்த போல்ட்

இதில் ஒரு வார்த்தை பொய்யாக இருந்தால் இனி நான் குடிக்கிற காபியில் எல்லாம் ஈ விழட்டும், உட்காருகிற பஸ் சீட்டில் எல்லாம் ஆணி இருக்கட்டும், என் பல்செட் கல்யாணப் பந்தியில் கழன்று பாயசத்துக்குள் போய் விழட்டும். இதற்கு மேலும் ஒரு கிழவனிடம் சத்தியம் வேண்டுமென்றால் சூடத்தை ஏற்றுங்கள், உள்ளங்கையால் அடித்து அணைக்கிறேன். சங்ககிரிக்குத் தெற்கே, பட்டறைமேடு என்கிற ஊரில், ஆயுத பூசையன்று, பெரியண்ணன் வீட்டு வாசலில் நடந்ததை நடந்தபடி சொல்கிறேன். நம்பாதவர்கள் இப்போதே எழுந்து போகலாம், அவர்கள் பங்கு சுண்டலை நான் தின்றுகொள்கிறேன்.

பட்டறைமேட்டில் ஆளைச் சக்கரத்தை வைத்துத்தான் மதிப்பார்கள். ஆறு சக்கரத்து வீட்டுக்காரருக்குப் பந்தியில் நடுவில் இலை, பத்துச் சக்கரத்துக்காரருக்கு முதல் இலை, பதினாறு சக்கரம் வைத்திருந்த லாரி சங்கத் தலைவர் வையாபுரிக்கு இலை போட்ட பிறகுதான் மற்றவர்களுக்கு இலையே அறுப்பார்கள். அந்த வையாபுரியின் வண்டியை ஒருகாலத்தில் ஓட்டியவன் பெரியண்ணன். அவன் கிளட்சை மிதித்துக் கியர் போடுகிற பதத்தைப் பார்த்து வடநாட்டு தாபாக்காரன் ரொட்டியைக் கருக விட்டான் என்று சொல்வார்கள், அதுவும் பொய்யில்லை. ஒருநாள் ஸ்டெப்னி டயரை இறக்கும்போது அது நழுவி அவன் இடது முட்டியின் மேல் விழுந்தது. டாக்டர்கள் உள்ளே தகடு வைத்துத் தைத்து அனுப்பினார்கள். கால் இருந்தது, ஆனால் கோயில் தூண் மாதிரி இருந்தது, மடங்கவே மடங்காது. ஆஸ்பத்திரிக்கு வந்த வையாபுரி ஒரு பை சாத்துக்குடியைக் கட்டில்மேல் வைத்தார், வைத்த கையோடு தலையணைக்கு அடியில் இருந்த வண்டிச் சாவியை எடுத்துக்கொண்டு போனார். சாத்துக்குடியும் புளிப்பு.

பெரியண்ணனின் மச்சினன் துரைராசு பஸ் ஸ்டாண்டில் டீக்கடை வைத்திருந்தான். "கல்லாவுல வந்து உக்காருங்க மாமா, காலை நீட்டிக்கிட்டே உக்காரலாம்" என்று கூப்பிட்டான். நல்ல மனசோடுதான் கூப்பிட்டான். ஆனால் அந்தக் கல்லா ரோட்டைப் பார்த்து இருந்தது. போகிற ஒவ்வொரு லாரியையும் உட்கார்ந்து பார்க்க வேண்டும். அதற்கு மலையேறிப் போய்ச் சாமியாராகிவிடலாம் என்று பெரியண்ணன் நினைத்தான், சாமியார் ஆவதற்கும் சம்மணம் போட வேண்டுமே என்று அந்த யோசனையையும் விட்டான்.

அப்போதுதான் எங்கோ வடக்கே நிலக்கரிச் சுரங்கத்தில் ஏலம் விட்ட ஒரு டிப்பர் லாரி அவனுக்குக் கிடைத்தது. தானாகவே கியர் மாற்றிக்கொள்கிற ஆட்டோமேட்டிக் வண்டி. கிளட்ச் கிடையாது, இரண்டே பெடல், இரண்டுக்கும் வலது கால் போதும். இடது காலை நீ என்ன செய்தாய், எங்கே வைத்தாய் என்று அந்த வண்டி கேட்பதே இல்லை. பெரியண்ணன் அதில் ஜல்லி ஏற்றினான், மண் ஏற்றினான், மறுபடியும் ஆளானான். ஊர் சும்மா இருக்குமா? "மூணாவது பெடல் எங்கப்பா, வர்ற வழியில விழுந்துருச்சா?" என்று கேட்டது. சங்கக் கூட்டத்தில் வையாபுரி மீசையை முறுக்கிக்கொண்டு, "கிளட்ச் இல்லாத வண்டியும் கொண்டை இல்லாத சேவலும் ஒண்ணுய்யா" என்பார். எல்லோரும் சிரித்தார்கள். பெரியண்ணனும் சிரித்தான், வாயால் மட்டும்.

அந்த வண்டிக்குத்தான் நோய் வந்தது. ஆக்சிலேட்டரை மிதித்தால் எஞ்சின் கத்தும், சக்கரம் உட்கார்ந்து யோசிக்கும். கியர் மாறுகிறபோது பின்னால் யாரோ எட்டி உதைத்த மாதிரி குதிக்கும். கியர் பெட்டிக்குள் இருக்கிற எண்ணெயும் அதை வடிகட்டுகிற பில்டரும் பழசாகிவிட்டன, மாற்றினால் பிழைக்கும், மாற்றாவிட்டால் பெட்டியே போய்விடும். ஊர் மெக்கானிக்குகள் எல்லாம் அந்தப் பெட்டியைப் பாம்புக் கூடையைப் பார்ப்பது போலப் பார்த்துவிட்டுப் போனார்கள். கம்பெனிப் பட்டறையில் வண்டியை விட்டுவிட்டுப் போங்கள், பார்க்கலாம் என்றார்கள். எப்போது பார்ப்பீர்கள் என்று கேட்டதற்கு, அதையும் பார்க்கலாம் என்றார்கள். ஆகவே தானே மாற்றுவது என்று பெரியண்ணன் முடிவு செய்தான். பெட்டி போனால் டீக்கடைக் கல்லா. அவன் கண்ணில் அது மட்டும்தான் நின்றது.

ஆயுத பூசையன்று வெயில் ஏறுவதற்குள் வேலையை முடித்துவிட்டு, குளிப்பாட்டி, பொட்டு வைத்து, வாழைக்கன்று கட்டிப் பூசை போட்டுவிடலாம் என்று கணக்கு. துரைராசு போனில் ஒரு வீடியோவைப் போட்டுப் பிடித்துக்கொண்டு நின்றான். பெரியண்ணன் சாக்கை விரித்து, தூண்காலை ஒரு பக்கம் நீட்டி, வண்டிக்கு அடியில் புகுந்தான். பெட்டிக்கு அடியில் மூடியிருக்கிற தட்டு, சேம்பர் என்பார்கள், அதில் எண்ணெய் வடிக்கிற போல்ட்டைக் கழற்றினான். கழற்றிய போல்ட்டை மண்ணெண்ணெய்க் கிண்ணத்தில் போட்டான். பழைய எண்ணெய் கறுப்பாகக் குண்டாவில் விழுந்தது.

"மாமா, வடியறது எவ்வளவுன்னு அளந்து வெச்சுக்கோணுமாம். வடிஞ்சது எவ்வளவோ அவ்வளவுதான் திருப்பி ஊத்தோணுமாம்" என்றான் துரைராசு.

"அளந்துக்கலாம் மாப்ளே. மொதல்ல நீ வெயில மறைக்காத நில்லு."

குண்டா நிறைந்தது. இன்னொரு குண்டா எடுக்க இருவரும் கொல்லைப்பக்கம் போனார்கள். அந்த நேரத்தில்தான் பெரியண்ணனின் பெண்டாட்டி கோசலை பூசைக்கு ஆயுதம் சேகரிக்க வாசலுக்கு வந்தாள். கோசலை எதையும் அரைகுறையாகச் செய்கிறவள் இல்லை. ஸ்பேனர், சுத்தியல், ஜாக்கிக் கம்பி, அரிவாள்மனை, தேங்காய்த் துருவி, கிண்ணத்தில் கிடந்த போல்ட், இரும்பென்று கண்ணில் பட்ட எல்லாவற்றையும் வாரிக்கொண்டு போய்க் கழுவி, சந்தனம் குங்குமம் இட்டு, சரஸ்வதி படத்துக்கு முன்னால் வாழையிலையில் வரிசையாக வைத்து, பொரியைக் கொட்டி, தேங்காய் உடைத்து, சூடம் காட்டி, கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

பெரியண்ணன் திரும்பி வந்து பார்த்தால் கிண்ணம் காலி.

"ஏ புள்ள, இங்க இருந்த போல்ட் எங்க?"

"பூசையில வெச்சாச்சுங்க."

"அட, அது வண்டியோடதும்மா! எண்ணெய் ஊத்துது, கொண்டா அத!"

"என்ன பேசறீங்க? பூசைக்கு வெச்ச ஆயுதத்தை நாளைக்குக் காலையில மறுபூசை போட்டுத்தான் எடுக்கோணும். ஒரு நா அதுங்களும் சித்த உக்காரட்டும்."

"அது ஆயுதமில்ல புள்ள, போல்ட்டு."

"பொட்டு வெச்சாச்சுங்க. இனி அது சாமி."

பட்டறைமேட்டில் கடவுள் உண்டா இல்லையா என்று கட்சி கட்டிச் சண்டை போடுகிறவர்கள்கூட ஆயுத பூசையன்று ஸ்பேனரைத் தொட மாட்டார்கள். வேறு போல்ட் வாங்கிப் போடலாமென்றால் ஊரில் இருந்த எல்லாப் போல்ட்டும், எல்லாக் கடையின் எல்லா டப்பாவும், பொட்டு வைத்துக்கொண்டு பொரிக்கு நடுவில் உட்கார்ந்திருந்தன. சரி, வடிகிற எண்ணெய் தானே, வடிந்து தீர்ந்தால் நிற்கும் என்று பெரியண்ணன் குண்டாவை மாற்றினான்.

எண்ணெய் நிற்கவில்லை. இரண்டாவது குண்டா நிறைந்தது, அண்டா நிறைந்தது, தண்ணீர்த் தொட்டி நிறைந்தது. கறுப்பாக வந்தது பழுப்பாகி, பழுப்பு சிவப்பாகி, கடைசியில் குங்குமத்தைக் கரைத்த மாதிரி சுத்தமான சிவப்பில் விரல் தடிமனுக்கு நிதானமாக விழுந்துகொண்டே இருந்தது. வாழைத்தண்டை அடைத்தார்கள், வழுக்கிக்கொண்டு வந்தது. துணிப்பந்தைத் திணித்தார்கள், வழுக்கிக்கொண்டு வந்தது. துரைராசு கட்டைவிரலை வைத்து அடைத்தான், துரைராசே வழுக்கிக்கொண்டு வந்தான். இவ்வளவு எண்ணெய் அந்தப் பெட்டிக்குள் எப்படி இருந்தது என்று ஒருவரும் கேட்கவில்லை. பக்கத்து வீட்டுக்காரி கேட்டது வேறு: "ஏனுங்க கோசலக்கா, சும்மாதான போகுது, ஒரு போகிணி புடிச்சுக்கட்டுமா?"

அவ்வளவுதான். நல்ல தண்ணீர்க் குழாயில் தண்ணீர் வந்த நாளில்கூட அப்படி ஒரு வரிசை நின்றதில்லை. குடம் வந்தது, வாளி வந்தது, பொரி வாங்கின பை வந்தது, குழந்தையின் பால்புட்டி வந்தது. எண்ணெயை முதலில் வீட்டுக் கதவின் கீலுக்குத்தான் விட்டார்கள். கீச்சுச் சத்தம் நின்றது. பிறகு தையல் மிஷினுக்கு, பிறகு கிணற்று ராட்டினத்துக்கு, பிறகு மாவு மில்லுக்கு. ரேஷன் கடையின் கதவில் ஒருவன் இரண்டு சொட்டு விட்டான், எப்போதும் பூட்டியே கிடக்கும் அந்தக் கதவு பூசை நாள் என்றும் பாராமல் தானாகத் திறந்து உள்ளே தூங்கிய எடையாளரைக் காட்டியது. முதல் வடத்தை யார் பிடிப்பது என்கிற சண்டையில் பல வருசமாக நிலையிலேயே நின்ற மாரியம்மன் தேரின் அச்சில் யாரோ ஒரு சொம்பு ஊற்றினார்கள், தேர் யாருக்கும் காத்திராமல் தானே ஒரு சுற்றுப் போய்விட்டு வந்து நின்றது, சண்டைக்காரர்கள் இரண்டு பக்கமும் வாயைப் பிளந்துகொண்டு கும்பிட்டார்கள்.

இரும்பு முடிந்ததும் மனுசருக்கு வந்தார்கள். இடுப்பில் தேய்த்தவருக்கு இடுப்பு விட்டது, கழுத்தில் தேய்த்தவருக்குக் கழுத்து திரும்பியது. மாரியம்மன் கோயில் பூசாரி ஆறுமுகப் பண்டாரம், பாடினால் கரகரவென்று தகரம் இழுக்கிற குரல், தொண்டையில் ஒரு கரண்டி விட்டுக்கொண்டு பாடினார். எருமைகள் எல்லாம் கண்ணை மூடிக்கொண்டு கேட்டன. ஒரே சுவருக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இருந்துகொண்டு பேசாத இரண்டு ஓரகத்திகள் நாக்கில் ஆளுக்கொரு சொட்டு தடவிக்கொண்டு சுவரேறி உட்கார்ந்து பேச ஆரம்பித்தார்கள், அவர்கள் வீட்டுக்காரர்களுக்குச் சோறு போட ஆளில்லை.

பெரியண்ணனுக்கும் ஒன்று நடந்தது. வண்டிக்கு அடியில் படுத்துக்கொண்டு துணிப்பந்தோடு மல்லுக்கட்டியபோது எண்ணெய் அவன் இடது முட்டியை நனைத்திருந்தது. மத்தியானம் கொல்லையில் கால் கழுவப் போனவன், பழக்கமாகத் தூண்காலைப் பக்கவாட்டில் வீசி வைத்தான். கால் வீசவில்லை, மடங்கியது. சுற்றுமுற்றும் பார்த்தான். மறுபடி மடக்கினான். பிறகு கோழிக்கூட்டுக்குப் பின்னால் போய், வேட்டியை ஏற்றிக்கொண்டு, குத்த வைத்து உட்கார்ந்தான். முட்டி இரண்டும் காதுக்குப் பக்கத்தில் வந்தன. அவனுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது, கோழிதான் முதலில் சத்தம் போட்டது. எழுந்து வெளியே வந்தவன் காலை விறைப்பாக வைத்துக்கொண்டு முன்போலவே இழுத்து நடந்தான். யாரிடமும் சொல்லவில்லை, கோசலையிடமும் சொல்லவில்லை. ஏன் என்று அவனுக்கே தெரியாது. கிடைத்ததை வெளியே காட்டினால் பிடுங்கிக்கொள்வார்கள் என்பது தலையணைக்கு அடியில் சாவி வைத்திருந்தவனுக்குத் தெரியாதா?

சாயங்காலம் வையாபுரி பீப்பாய்களோடு வந்தார். மீசை நுனியில் அதே எண்ணெயைத் தடவி ஊசிபோல முறுக்கியிருந்தார்.

"பெரியண்ணா, சங்கத்துக்குன்னு நாலு பீப்பா புடிச்சுக்கறேன். ஊரு சொத்துத்தான இது."

"புடிச்சுக்குங்க தலைவரே."

"உன்ற காலு மட்டும் நல்லா இருந்துச்சுன்னா, புதுசா எறக்கியிருக்கற பதினாறு சக்கரத்த நாளைக்கே உன்ற கையில குடுத்துருவேன். என்ன பண்றது, எழுதி வெச்சது அப்படி" என்று பெருமூச்சு விட்டார். பெரியண்ணன் கை தானாகப் போய் முட்டியைத் தடவியது.

மறுநாள் காலையில் கோசலை குளித்து, மறுபூசைக்குச் சூடம் காட்டினாள். மணி அடித்த அதே நொடியில் வாசலில் எண்ணெய் நின்றது. ஒரு சொட்டு பாதி வழியில் வந்து, யோசித்துவிட்டு, திரும்பி மேலே போனதாகத் துரைராசு சொன்னான். அவன் கொஞ்சம் அதிகப்படியாகச் சொல்கிறவன், அந்தச் சொட்டை மட்டும் நீங்கள் நம்பாவிட்டால் பரவாயில்லை.

பெரியண்ணன் பொட்டு வைத்த ஸ்பேனரால் சேம்பரைக் கழற்றினான். உள்ளே அடியில் இருந்த காந்தத்தில் இரும்புத்தூள் பூனை முடிபோலப் படிந்திருந்தது, துடைத்தான். தார் பிடித்த பழைய பில்டரைக் கழற்றி எறிந்து புதுசைப் பொருத்தினான். பழைய பேக்கிங்கைச் சுரண்டி எடுத்து, புதுப் பேக்கிங் வைத்து, போல்ட்டுகளை எதிரெதிராக மாற்றி மாற்றி முடுக்கி, பூசையில் இருந்த வடிகால் போல்ட்டையும் பொட்டோடு மாட்டினான். வாங்கி வைத்திருந்த புது எண்ணெயைப் புனல் வைத்து முழுக்க ஊற்றி, எஞ்சினைப் போட்டு, எண்ணெய் அளவு காட்டுகிற கம்பியை உருவிப் பார்த்தான். கம்பி பொரி மாதிரி காய்ந்திருந்தது. கியரைப் போட்டான். எஞ்சின் கத்தியது. வண்டி உட்கார்ந்தே இருந்தது.

"மாமா" என்றான் துரைராசு, "வடிஞ்சது எவ்வளவோ அவ்வளவு திருப்பி ஊத்தோணும்னு நேத்தே சொன்னனா இல்லியா?"

வடிந்தது ஊர் முழுக்கப் போயிருந்தது. போய்க் கேட்டால் கொடுப்பார்களா என்று பெரியண்ணன் தயங்கிக்கொண்டு தெருவில் இறங்கினான். ஊரே அவனைத் தேடி வந்துகொண்டிருந்தது. வந்தவர்கள் எல்லோரும், ஆண்பிள்ளைகள் எல்லோரும், ஒரு கையால் வேட்டியைப் பிடித்திருந்தார்கள்.

நடந்தது இதுதான். எண்ணெய் நல்ல எண்ணெய், ஆனால் எங்கே நிறுத்துவது என்று அதற்குத் தெரியவில்லை. விடிந்ததிலிருந்து பட்டறைமேட்டில் எதுவும் எதையும் பிடித்து நிற்கவில்லை. கட்டிய வேட்டி இடுப்பில் நிற்கவில்லை, முடிந்த கொண்டை தலையில் நிற்கவில்லை, மூக்குக் கண்ணாடி மூக்கில் நிற்கவில்லை. இலையில் ஊற்றிய குழம்பு சோற்றின் மேல் நிற்காமல் அடுத்த இலைக்காரனைப் பார்க்கப் போனது. கோழிகள் கூரையிலிருந்து வரிசையாக வழுக்கி இறங்கி, மறுபடி ஏறி, அதையே ஒரு வேலையாக வைத்துக்கொண்டன. ஓரகத்திகளுக்குத் திட்டுவதற்கு வாயெடுத்தால் கெட்ட வார்த்தை பாதியில் வழுக்கி நல்ல வார்த்தையாகப் போய் முடிந்தது, இப்படி எத்தனை நேரம் ஒருத்தி நல்லவளாக இருப்பாள்? எல்லாவற்றுக்கும் மேலே, தலைவர் வையாபுரியின் மீசை. முறுக்கி விட்டால் நிற்காமல் இரண்டு பக்கமும் தொங்கியது. கன்றுக்குட்டி ஒன்று அதை வைக்கோல் என்று நினைத்துப் பின்னாலேயே வந்தது.

"எடுத்துக்கய்யா உன்ற எண்ணெய, எங்களுக்கு இடுப்புல துணி நின்னாப் போதும்" என்றது ஊர்.

எண்ணெய் துடைக்கிற பனியன் வேஸ்ட் துணி மூட்டையைப் பிரித்தார்கள். கீலைத் துடைத்தார்கள், ராட்டினத்தைத் துடைத்தார்கள், தேரின் அச்சைத் துடைத்தார்கள், இடுப்பையும் கழுத்தையும் துடைத்தார்கள். துடைத்ததை எல்லாம் அண்டாவில் பிழிந்தார்கள். வையாபுரி பீப்பாய்களை உருட்டி வந்தார், மீசையைத் தானே பிழிந்தார். ஆறுமுகப் பண்டாரம் மட்டும் கண்ணில் நீரோடு நின்றார். கடைசியாக ஒரு பாட்டுப் பாடிவிட்டு, கொப்பளித்து, அண்டாவில் துப்பினார்.

"அட கருமமே, எச்சி எண்ணெய வண்டிக்கு ஊத்தறதா?" என்றாள் கோசலை.

"லாரிக்கு ஏதும்மா எச்சி?" என்றார் பண்டாரம், பழைய தகரக் குரலில். எருமைகள் எழுந்து போய்விட்டன.

கோசலை தன் பழைய சேலையை மடித்துப் புனலில் கட்டி வடிகட்டினாள். பொரி வந்தது, கோழி இறகு வந்தது, யாருடையதோ ஒரு மூக்குத்தித் திருகு வந்தது. குடம் குடமாக, அண்டா அண்டாவாக, பீப்பாய் பீப்பாயாக ஊற்றினார்கள். கொடுத்தபோது எப்படிச் சலிக்காமல் கொடுத்ததோ அப்படியே வண்டி சலிக்காமல் குடித்தது. கடைசிச் சொம்பையும் ஊற்றிவிட்டுப் பெரியண்ணன் கம்பியை உருவினான். கோட்டுக்கு ஒரு நகக்கண் அளவு குறைந்தது. கியரைப் போட்டான். வண்டி முனகியது, நகரவில்லை.

"எவனோ ஒருத்தன் ஒளிச்சு வெச்சிருக்கான்" என்று வையாபுரி கத்தினார். "எவனாயிருந்தாலும் மரியாதையா வெளிய வந்துரு! ஊரே வேட்டியப் புடிச்சுக்கிட்டு நிக்குது, உனக்கு என்னய்யா மறைப்பு?"

ஆளுக்கு ஆள் பார்த்துக்கொண்டார்கள். பெரியண்ணன் யார் முகத்தையும் பார்க்காமல், எங்காவது கசிகிறதோ என்று பார்க்கிற மாதிரி வண்டியின் அடியில் குனிந்தான். குனிந்தவன், ஞாபகமில்லாமல், குத்த வைத்து உட்கார்ந்துவிட்டான்.

கோசலை புனலைக் கீழே வைத்தாள்.

"ஏனுங்க, எப்ப இருந்துங்க குத்த வெச்சு உக்கார்றீங்க?"

பெரியண்ணன் எழவில்லை. எழுந்து என்ன ஆகப்போகிறது, முட்டி இரண்டும் காதுக்குப் பக்கத்தில் நின்று சாட்சி சொல்கின்றன.

முதலில் வாய் திறந்தவர் வையாபுரிதான். தொங்கிய மீசைக்கு உள்ளிருந்து அவர் முகம் மலர்ந்தது. "அட, காலு வந்துருச்சா! இத ஏய்யா மறைக்கற?" என்று மடியிலிருந்து புது வண்டியின் சாவியை எடுத்து, ஒரு கையால் வேட்டியைப் பிடித்துக்கொண்டு மறு கையில் சாவியை நீட்டியபடி வந்தார். "இந்தா. பதினாறு சக்கரம். இந்த டப்பாவை எடைக்குப் போட்டுரு. கிளட்ச் மிதிக்காதவன் எல்லாம் ஒரு ஆம்பளையாய்யா? வா, நீ பழைய பெரியண்ணனாயிரு."

"ஐயோ, அப்ப எங்க வேட்டி?" என்றது கூட்டம்.

பெரியண்ணன் கோசலையைப் பார்த்தான். அவள், "காலும் உங்களுது, வண்டியும் உங்களுது. நான் எதையும் பூசையில வெக்கலைங்க" என்றாள். சொல்லிவிட்டுக் கீழே வைத்த புனலை எடுத்துத் துடைக்க ஆரம்பித்தாள், அந்தக் காலை ராத்திரியெல்லாம் பிடித்துவிட்டவள் அவள்தானே.

பெரியண்ணன் சாவியைப் பார்த்தான். நல்ல சாவி, புதுசு, பளபளவென்று ஆடியது. அது எந்தக் கையிலிருந்து வந்து எந்தக் கைக்குத் திரும்பிப் போகும் என்று அவனுக்குத் தெரியும். பிறகு சுரங்கத்துப் பச்சைப் பெயின்ட் உதிர்ந்த தன் வண்டியைப் பார்த்தான். ஊரெல்லாம் காலைக் கேட்டபோது அது ஒன்றுதான் காலைக் கேட்காதது.

"மாப்ளே, ஒரு டீ போட்டு எடுத்துட்டு வா" என்றான்.

துரைராசு ஓடிப்போய் டீ கொண்டு வந்தான். பெரியண்ணன் குத்த வைத்தபடியே, ஊரே வேட்டியைப் பிடித்துக்கொண்டு காத்திருக்க, உறிஞ்சி உறிஞ்சி, ஆற அமர அந்த டீயைக் குடித்தான். டம்ளரைக் கழுவி வைத்தான். எழுந்து நின்றான். முட்டியை மடக்கி நீட்டி, மடக்கி நீட்டி, நல்ல நாளில் கிளட்சை மிதிப்பானே அந்தப் பதம் வருகிறதா என்று பார்த்துக்கொண்டான். வந்தது.

"தலைவரே, சித்த அந்தப் பக்கம் திரும்பி நில்லுங்க."

"எதுக்கு?" என்றபடியே வையாபுரி திரும்பினார்.

பெரியண்ணன் இடது காலால் விட்டான் ஒரு உதை. வையாபுரியின் பின்பக்கத்தில் அது போய்ச் சேர்ந்த சத்தத்துக்குத் தேரிலிருந்த புறாக்கள் பறந்தன. ஏற்கெனவே எண்ணெய் குளித்த தெரு அல்லவா, தலைவர் உட்கார்ந்த வாக்கிலேயே வழுக்கத் தொடங்கினார். மாவு மில்லைத் தாண்டி, ரேஷன் கடையைத் தாண்டி, கோயிலைத் தாண்டும்போது சாவி பிடித்த கையால் ஒரு கும்பிடும் போட்டு, வேட்டியை மட்டும் விடாமல், பஸ் ஸ்டாண்ட் வரை போனார். கன்றுக்குட்டி பின்னாலேயே ஓடியது. அங்கே புறப்பட்டு நகர்ந்த ஈரோட்டு பஸ்ஸின் கண்டக்டர், ஆள் ஓடி வருகிறார் என்று நினைத்து, விசில் ஊதி நிறுத்தினாராம்.

"வேஸ்ட் துணி குடு புள்ள" என்றான் பெரியண்ணன்.

முட்டியைத் தானே துடைத்தான், மேலும் கீழும், மடிப்பிலும் இடுக்கிலும், ஒரு பிசுக்கும் விடாமல். துடைக்கத் துடைக்கக் கால் விறைத்து வந்தது. புனலில் பிழிந்தான். ஒரு சொட்டுத்தான் விழுந்தது, கம்பியில் கோடு தொட்டது. கோசலை தோளைக் கொடுத்தாள், தூண்காலை வீசி ஏறி உட்கார்ந்தான். எஞ்சினைப் போட்டான், கியரைத் தட்டினான், வலது காலை அழுத்தினான். வண்டி கிளம்பியது. குதிக்கவில்லை, முனகவில்லை, கோசலை முன்கண்ணாடிக்குக் கீழே பரப்பி வைத்திருந்த பூசைப் பொரியில் ஒன்று கூடப் பக்கத்துப் பொரிமேல் இடிக்காமல் ஒன்றிலிருந்து இரண்டு, இரண்டிலிருந்து மூன்று என்று கியர் மாறிக்கொண்டே போனது. தெருவில் நின்ற ஆண்பிள்ளைகள் ஒவ்வொருவராகப் பயந்து பயந்து வேட்டியிலிருந்து கையை எடுத்தார்கள். வேட்டி இடுப்பிலேயே நின்றது. ஒரே கைதட்டல்.

ஊரின் கீல்கள் எல்லாம் மறுபடியும் கீச்சிட்டன, ஓரகத்திகள் சுவருக்கு இரண்டு பக்கமும் இறங்கி நிம்மதியாகத் திட்டிக்கொண்டார்கள். பெரியண்ணன் மட்டும் திரும்பிப் பார்க்கவில்லை, நேரே ஜல்லி கிரஷருக்குப் போய் லோடு ஏற்றினான்.

கதை இவ்வளவுதான். கேட்டீர்கள், சிரித்தீர்கள், அதோடு விடுங்கள். எவனாவது இதை யார் சொன்னது என்று கேட்டால் பஸ்ஸில் பக்கத்துச் சீட்டுக்காரன் சொன்னான், முகம் பார்க்கவில்லை, வழியில் இறங்கிவிட்டான் என்று சொல்லிவிடுங்கள். என் பேர் மட்டும் வாயில் வரக் கூடாது. எனக்கு ஒன்றும் பயமில்லை, தினமும் காலையில் காபி குடிப்பது தலைவர் வையாபுரி வீட்டில், அவர் இன்றைக்கும் உட்காரும்போது ஒரு பக்கமாகத்தான் உட்காருகிறார்.